கோலப்பொடியில் விடுபட்ட வீடு

எங்கள் ஜில்லாவில் ஆபத்து வராத வருஷம் எது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். கடல் பொங்கும், காற்று அடிக்கும், இரண்டும் இல்லாத வருஷம் ஏரி உடைத்துக்கொள்ளும். இரண்டாயிரத்துப் பத்துக்கு அப்புறம் வந்த வருஷங்களில் இது கொஞ்சம் அதிகம். ஒவ்வொன்றும் வந்து போன பிறகு ஜீப்பில் ஆட்கள் வருவார்கள். எந்த ஊருக்கு எவ்வளவு ஆபத்து, எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர் வரும், யாரை முதலில் அப்புறப்படுத்த வேண்டும் என்று மதிப்பிடுவார்கள். அவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். பிணத்துக்கு நாடி பார்க்க வருகிறார்கள் என்று டீக்கடையில் சத்தமாகவே சொல்லியிருக்கிறேன். கடைசியில் அப்படி ஒரு கூட்டத்தின் நடுவில் நின்று, என் அக்கா வீட்டையும் சேருங்கள் என்று நானே தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது.

நான் நெய்வேலியில் சுரங்கத்துப் பம்ப் பிரிவில் வேலை பார்த்தவன். எங்கள் குடும்பத்தில் அதுவரை எல்லாரும் கூலிக்குக் கொத்தவும் களை எடுக்கவும் போனவர்கள். நான் ஐ.டி.ஐ. படித்து, கான்ட்ராக்டில் சேர்ந்து, பல வருஷம் இழுத்தடித்துப் பெர்மனென்ட் ஆனேன். குவாட்டர்ஸ் கிடைத்தது. பக்கத்து வீட்டில் திருநெல்வேலிக்காரர், எதிர் வீட்டில் கோயம்புத்தூர்க்காரர். அவர்களோடு பேசிப் பேசி என் பேச்சே பாதி மாறிப்போனது. அக்காவைப் பார்க்கப் போனால் மட்டும் பழைய பேச்சு வந்துவிடும்.

அக்காவைக் கொடுத்திருந்தது முத்தாண்டிக்குப்பத்தைத் தாண்டி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருந்த ஒரு சின்ன ஊரில். ஓடைக்கரையில் கடைசி வீடு அவர்களுடையது. மண்சுவர், மேலே ஓடு. மாமா முந்திரிக்கொட்டை பொறுக்கப் போவார், பலாப்பழ சீசனில் லாரிக்குப் பழம் ஏற்றப் போவார். அதிகம் பேசமாட்டார். என்னைக் கண்டால் மட்டும், "ஆபீசரு வந்துட்டாரு, நாற்காலி போடு" என்று கிண்டல் செய்வார். அந்த வீட்டில் நாற்காலியே கிடையாது.

ஒரு மார்கழியில் வந்த புயலில் மாமா போய்விட்டார். விடிகிற நேரத்தில் காற்று கொஞ்சம் அடங்கியதுபோல் இருந்ததாம். ஆடு கத்துகிறது, அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் மேல் கொல்லைப் பலாமரம் விழுந்தது. நெய்வேலியில் அன்று ரோட்டோர மரங்கள் எல்லாம் படுத்துக் கிடந்தன. நாலு மாநிலத்துக்குக் கரண்ட் கொடுக்கிற ஊரில் நாங்கள் மெழுகுவத்திக்கு அலைந்துகொண்டிருந்தோம். செய்தி வந்ததும் வண்டியை எடுத்தேன். போகப் போக வழியெல்லாம் மரம். வண்டியை ஒரு கடை வாசலில் போட்டுவிட்டு மரங்களின் மேல் ஏறி இறங்கி நடந்தே போனேன். என்னைப் பார்த்ததும் அக்கா அழவில்லை. "வந்துட்டியா தம்பி, அவரு எழுந்திருக்க மாட்றாரு" என்றாள்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு அக்கா ஒரு முடிவோடு உட்கார்ந்துவிட்டாள். போனவர் வருஷம் திரும்புகிறவரை வீட்டைச் சுற்றித்தான் இருப்பார், இறந்த திதியில் மாசா மாசம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார் என்பது அவள் நம்பிக்கை. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். அவரைக் கிடத்தியிருந்த இடத்தில் தினமும் பொழுது சாய்ந்ததும் ஒரு அகல் ஏற்றினாள். வாசலில் தண்ணீர் தெளிப்பதோடு சரி, கோலம் கிடையாது. துக்கம் நடந்த வீட்டில் வருஷம் திரும்பாமல் கோலம் போடமாட்டார்கள். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இதனால் ஒரு வீடே ஊரிலிருந்து காணாமல் போகும் என்று யாருக்குத் தெரியும்?

ஆடி மாதம் அந்த ஊருக்கு மதிப்பீடு செய்கிறவர்கள் வந்தார்கள். எனக்கு அன்று வாராந்திர லீவு. அக்காவுக்கு அரிசி மூட்டை கொண்டு போயிருந்தேன். மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் பெரிய கூட்டம். வந்த குழுவுக்குத் தலைமையாக மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள், இருபத்தைந்து வயது இருக்கலாம். அவள் காகிதம் பேனா எதையும் எடுக்கவில்லை. ஆண்களை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, பெண்களிடம் கோலப்பொடியைக் கொடுத்து, உங்கள் ஊரை நீங்களே தரையில் வரையுங்கள் என்றாள். வீட்டுக்கு வெள்ளை, ஓடைக்கு நீலம், மரத்துக்குப் பச்சை, பயப்படுகிற இடத்துக்குச் சிவப்பு. இந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஓடை ஓரத்து வீடுகளை மழைக்கு முன்னால் பள்ளிக்கூடத்து மேட்டுக்கு மாற்றப் போவதாகவும், வெள்ளம் வந்தால் எந்த வீட்டுக்கு முதலில் ஓடுவது என்று ஊர்ப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் போவதாகவும் அவள் சொன்னாள்.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், கோலப்பொடி எம்மாத்திரம். பெண்கள் நாலு பேர் ஒரு புடவையை விரித்துக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் குனிந்து ஊரை இழைத்தார்கள். உண்மையைச் சொன்னால் அவ்வளவு அழகாக இருந்தது. மகளிர் குழுத் தலைவிதான் முன்னால் நின்று வேலை வாங்கினாள். ஓடையை அவள் ஒரே கையோட்டத்தில் நெளித்துவிட்ட விதத்தைப் பார்த்து, இந்த மதிப்பீட்டுக்காரர்களைக் கண்டால் எரிந்து விழுகிற நானே "பலே" என்றேன். பிறகு நீலக் கோட்டோடு கண்ணை ஓட்டிக்கொண்டே போனேன். கடைசியில் வெறும் மண்தான் இருந்தது.

"எங்க அக்கா வூடு எங்க?" என்று கேட்டேன்.

புடவையைப் பிடித்திருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். மதுரைப் பெண், "அங்கே வீடு இருக்கா அண்ணே?" என்றாள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "இருக்காவா? தண்ணி வந்தா மொதல்ல அங்கதான் வரும். அத வுட்டுட்டு இன்னாத்த வரைஞ்சிகினு இருக்கீங்க? ஊர்ல அந்த ஒரு வூடுதான் ஒங்க கண்ணுல படலையா?"

தலைவி கையிலிருந்த பொடியைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். "கத்தாதப்பா. அது துக்க வூடு. வருஷம் திரும்பாத வூட்டுக்கு நாங்க எப்பிடிக் கோலம் போடறது? அந்த மனுஷன் போனது எங்களுக்கு சந்தோஷம்னு ஆவாதா?"

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மாமாவைத் தூக்க ஆள் இல்லாதபோது தன் வீட்டுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவள் அவள். காரியம் முடிகிறவரை அக்காவுக்கும் அக்கா மகளுக்கும் சோறு ஆக்கிக் கொண்டு வந்து ஊட்டியவள் அவள். அந்த வீட்டின் மேல் இருந்த மரியாதையால்தான் அந்த வீட்டை விட்டிருந்தார்கள். புயலில் இந்த ஊரில் யாராவது இறந்தார்களா என்று மதுரைப் பெண் முதலில் கேட்டதற்கும் யாரும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார்களாம். அம்மன் சந்நிதிக்கு நேராக நின்றுகொண்டு சாவைப் பேசக்கூடாது என்பதற்காக. பிறகு தலைவியே அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்துக் குழாயடிப் பக்கம் அழைத்துப் போய், அங்கே வைத்து மாமாவின் சாவைச் சொன்னாள். கேட்டு முடித்தபோது அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது.

சரி, கோலப்பொடி வேண்டாம், அந்த இடத்தில் ஒரு கல்லாவது வைப்போம் என்றாள் அவள். "கல்லா? கருமாதிக்கு இல்ல கல்லு வெப்பாங்க" என்றாள் ஒரு பெண். அடுப்புச் சாம்பல் போடலாம் என்றாள் இன்னொருத்தி. அவளை எல்லாருமாகச் சேர்ந்து அடக்கினார்கள். ஒரு வீட்டைக் குறிக்க எதை வைப்பது என்று ஊர் கூடி வாதாடிக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கடைசியில் நானே கோயில் மதில் ஓரத்தில் கிடந்த அரைச் செங்கல் ஒன்றை எடுத்து நீலக் கோட்டின் ஓரத்தில் வைத்தேன். செங்கல்லுக்கு யாரும் குற்றம் சொல்லவில்லை. மதுரைப் பெண்ணோடு வந்திருந்த ஒருவன் போட்டோ எடுத்துக்கொண்டான்.

வென்றுவிட்ட தெம்பில் அக்கா வீட்டுக்கு நடந்தேன். அவள் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் நடந்ததைச் சொல்லி, மழைக்கு முன்னால் மேட்டில் தகர ஷெட் போட்டுத் தருவார்கள், பிறகு அங்கேயே வீடு என்றேன்.

"மழைக்கு முன்னாடியா?" என்றாள் அக்கா. "மார்கழிலதானே வருஷம் திரும்புது."

அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை. எங்கள் பக்கத்து மழை ஐப்பசி கார்த்திகையில் வரும். மாமாவின் வருஷம் அதற்கு அப்புறம்தான் முடியும். அதற்கு முன்னால் வீட்டைக் காலி செய்வதென்றால் அவரை விட்டுவிட்டுப் போவது என்று அவளுக்கு அர்த்தம்.

"அவரு வந்து பாத்தா வூடு இருட்டா கெடக்கும் தம்பி. நாங்க எங்க போனோம்னு அவருக்கு யாரு சொல்லுவாங்க?"

"செத்தவருக்காக இருக்கறவங்க சாவணுமா?" என்று கேட்டுவிட்டேன். மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாப்பாவ நீ கூட்டிக்கினு போ. அங்க இஸ்கூல்ல சேத்துவுடு. எனக்கு மார்கழி வரிக்கும் டைம் குடுங்க. அதுக்கப்புறம் நீ எங்க சொல்றியோ அங்க வரேன்" என்றாள்.

அதற்கு மேல் என்னால் அசைக்க முடியவில்லை. அக்காவின் பிடிவாதம் எங்கள் வீட்டில் பிரசித்தம். மகளைக் குவாட்டர்ஸுக்கு அழைத்து வந்தேன். என் மனைவி அவளுக்குத் தலை பின்னிவிட்டு ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். அவள் அதிகம் தொந்தரவு கொடுக்காத பெண். வானம் கறுத்தால் மட்டும் சாப்பிடமாட்டாள். ஐப்பசி முழுக்க நானும் அப்படித்தான் இருந்தேன். சுரங்கத்தில் தண்ணீர் சேரச் சேர நாங்கள் பம்ப் போட்டு இறைப்போம். மழை பெய்தால் எங்களுக்கு வேலை அதிகம், ஆனால் அது பழகிய வேலை. அந்த வருஷம் பம்ப் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு ஓடையை மட்டுமே நினைத்தேன். ஓடை ஓரத்து மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் மேட்டு ஷெட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த வரிசையில் தனியாக அக்கா மட்டும் இருந்தாள், பொழுது சாய்ந்ததும் அவளுடைய ஒரு விளக்கும்.

கார்த்திகையில் ஒரு நாள் காலையில் பிடித்த மழை விடவில்லை. பிற்பகலில் மேற்கே ஏதோ ஒரு ஏரி நிரம்பி வழிகிறது என்று பேச்சு வந்தது. அக்கா செல்போனை எடுக்கவில்லை. சுரங்கத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, ஷிப்டை விட்டு நகர முடியாத நிலைமை. தலைவிக்குப் போன் போட்டேன். பின்னால் ஒரே இரைச்சல். "கவலப்படாதப்பா, மொத வூடு ஒங்க அக்கா வூடுதான்னு பசங்களுக்குத் தெரியும். போயிருக்கானுங்க" என்றாள். செங்கல் வைத்த இடம் பையன்களுக்கு ஞாபகம் இருந்தது. ஊரில் மற்ற எந்த வீட்டையும்விட அந்த வீட்டைத்தான் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வேடிக்கை என்று சொல்ல மனம் வரவில்லை.

அக்கா வர மறுத்தாளாம். விளக்கேற்றுகிற நேரம், ஏற்றிவிட்டு வருகிறேன் என்றாளாம். தண்ணீர் வாசற்படியில் ஏறிவிட்டது. ஒரு பையன் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அவள் கையில் அகல் மட்டும் இருந்தது, எண்ணெய் எல்லாம் அவன் முதுகில். பள்ளிக்கூடத்தில் ஊரே அடைந்து கிடந்தது. அக்கா அங்கே ஒரு மூலையில் அதை ஏற்றப் போனபோது, கைக்குழந்தைக்காரிகள் இருக்கிற இடம், மசக்கையாக ஒரு பெண் இருக்கிறாள், சாவு விளக்கை இங்கே ஏற்றாதே என்று முணுமுணுத்திருக்கிறார்கள். தலைவி எழுந்து அக்காவின் கையைப் பிடித்துச் சத்துணவுக் கூடத்துக்கு அழைத்துப் போய், அடுப்புப் பக்கத்தில் தானே அதை ஏற்றி வைத்தாளாம். இதையெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. அக்காவை ஓடைப் பக்கம் பார்த்தேன். வீடு இருந்த இடத்தில் சேறு. மண்சுவர் நாலும் கரைந்து போயிருந்தன. அம்மிக்கல் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. எந்த இடத்தில் மாமாவைக் கிடத்தினோம் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் அவளிடம் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சிக்கம்மா." அவள் தலையாட்டிக்கொண்டாள். நானும் அதையேதான் நினைத்தேன். அக்கா உயிரோடு நிற்கிறாள், அது போதும் எனக்கு. அவள் சேற்றுக்குள் இறங்கப் பார்த்தாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

மார்கழியில் வருஷத்துத் திதி பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் நடந்தது. அக்கா மகள்தான் எல்லாம் செய்தாள். மந்திரம் சொன்னவர் இரண்டு தரம் அக்காவிடம் இந்தப் பக்கம் பாரும்மா என்று சொல்ல வேண்டியிருந்தது. அவள் ஓடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் தலைவி வந்து ஷெட் வாசலில் பெரிதாக ஒரு கோலம் போட்டாள், துக்கம் தீர்ந்தது என்று. அக்கா அதன் மேல் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

சில வருஷத்தில் மேட்டிலேயே கான்கிரீட் வீடு வந்தது. வாக்குக் கொடுத்தபடி அக்கா எந்தப் பேச்சும் பேசாமல் அங்கே இருந்தாள். மகள் எங்களோடு இருந்து படித்து நர்சிங்கில் சேர்ந்தாள். அந்த ஜில்லாவே மிதந்த பெரிய மழை ஒன்று வந்தபோதுகூட மேட்டு வீடுகளுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. என் மனைவி அப்படித்தான் சொல்வாள், உண்மைதான். ஆனால் அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை.

அந்தப் பெரிய மழைக்கு அப்புறம் மறுபடியும் மதிப்பீடு வந்தது. இந்தமுறை கோலப்பொடி எல்லாம் இல்லை, செல்போனைத் தட்டிக்கொண்டு வீடு வீடாக ஒரு இளைஞன் வந்தான். நானும் அன்று அங்கே இருந்தேன். அக்கா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"இந்த வீட்டுக்கு வெள்ளம் வருமாம்மா?" என்றான்.

"வராதுங்க."

"காத்தடிச்சா மரம் கிரம் விழ வாய்ப்பு இருக்கா?"

"இங்க மரமே இல்லீங்க."

"வேற ஏதாவது ஆபத்து வரும்னு நினைக்கிறீங்களா?"

அக்கா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இங்க ஒண்ணும் வராதுங்க" என்றாள். ஒரு காம்பை உருவிப் போட்டுவிட்டு, "வூடு மாறினது அவருக்குத் தெரியாது. அவரும் வர்றதில்லீங்க" என்றாள்.

யார் என்று அவன் கேட்கவில்லை. ஆபத்து குறைவு என்று செல்போனில் அழுத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.